யால் வகைப் பாய்மரப் படகு: மதுரையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மரவேலையும் மாடல் படகும் பிடித்த சிலர் சேர்ந்து, பழைய பாய்மரப் படகுகளின் வரைபடங்களை வைத்துச் சிறிய அளவில் செய்து கண்மாயில் ஓட்டி வருகிறோம். இப்போது பட்டறையில் நிற்பது 'கன்கார்டியா யால்' என்ற அமெரிக்கப் படகின் பத்தில் ஒரு பங்கு மாடல். பார்க்க வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது.

யால் என்றால் எப்படிப்பட்ட படகு?

இரண்டு பாய்மரம் உள்ள படகு. பெரிய பாய்மரம் நடுவுக்குச் சற்று முன்னால் நிற்கும். சின்னது கிட்டத்தட்டப் படகின் பின்கடைசியில் நிற்கும். அந்தச் சின்ன மரத்துக்கும் அதில் கட்டும் பாய்க்கும் மிசன் என்று பெயர். பெரிய மரத்துக்கு முன்னால் ஜிப் என்ற முக்கோணப் பாய் இருக்கும். ஆக, பெரிய பாய், ஜிப், மிசன் என்று மூன்று. மிசனை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது இன்று எங்கும் பார்க்கிற ஒற்றைமர ஸ்லூப்.

கெட்ச் படகுக்கும் இரண்டு மரம்தானே?

ஆமாம். சுக்கான் தண்டுக்குப் பின்னால் மிசன் மரம் நின்றால் யால், முன்னால் நின்றால் கெட்ச் என்பது வழக்கமான இலக்கணம். ஆனால் வேலையில் தெரியும் வித்தியாசம் பாயின் அளவுதான். கெட்சின் மிசன் பெரியது, படகை இழுப்பதில் அதற்கும் நல்ல பங்கு உண்டு. யாலின் மிசன் மொத்தப் பாயில் பத்தில் ஒன்றோ, ஏழில் ஒன்றோதான் இருக்கும். இழுப்பது அதன் முதல் வேலை இல்லை.

அப்படியானால் அந்தக் குட்டிப் பாய் எதற்கு?

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். மாடலை தேவிபட்டினத்துக்கு எடுத்துப் போயிருந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் முதலில் இதைத்தான் கேட்டார்: "ஏந்தம்பி, இம்புட்டுக்காணு பாயி என்னத்த இழுக்கப் போவுது?"

இழுக்காது, திருப்பும். படகு தண்ணீரில் ஏறக்குறைய நடுவில் ஒரு புள்ளியை அச்சாக வைத்துத் திரும்புகிறது. அந்த அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பாய் இருக்கிறதோ அந்த அளவுக்கு அதன் திருப்பும் பலம் கூடும். கிணற்று ஏற்றத்தில் ஆள் தள்ளி நின்றால் வாளி லேசாவதைப்போலத்தான் இதுவும். மிசன் கடைசி முனையில் இருப்பதால், சிறிய பாயாக இருந்தும் படகின் மூக்கைக் காற்றுப் பக்கம் கொண்டுவரவும், காற்றைவிட்டு விலக்கவும் அதனால் முடியும்.

காற்றில் சாய்ந்து ஓடும்போது எந்தப் பாய்மரப் படகும் தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். கொஞ்சம் அப்படி இருப்பது நல்லது. ஓட்டுகிறவர் கைவிட்டால் படகு தானே காற்றைப் பார்த்து நின்றுவிடும். ஆனால் அளவுக்கு மேல் போனால் சுக்கானை எந்நேரமும் மல்லுக்கட்டிப் பிடிக்க வேண்டும். அப்படிக் கோணலாகப் பிடித்த சுக்கான் தண்ணீரில் தடையாகவும் நிற்கும். அந்த நேரத்தில் மிசன் கயிற்றைச் சற்று விட்டால் போதும். படகு முனகாமல் நேராகப் போகும். கண்மாயில் எங்கள் மாடலில் இதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். ஒரு பக்கமாக மடங்கி நின்ற சுக்கான், மிசன் கயிறு இரண்டு விரற்கடை தளர்ந்ததும் நேராகி, பின்னால் விட்டு வந்த தண்ணீர்க் கோடும் நேராகிவிடும். படகு மூக்கை விலக்கிக்கொண்டு ஓடினால் அதற்கு நேர்மாறு, மிசனை இழுத்துக் கட்ட வேண்டும்.

நீண்ட பயணத்தில் இதன் மதிப்பு பெரிது. இரண்டு பேர் மட்டுமே இருக்கிற படகில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பாய்களைச் சமன்செய்து சுக்கானைக் கட்டி வைத்துவிட்டால், அவர் தேநீர் போடலாம், வரைபடம் பார்க்கலாம். நல்ல உலாப்படகுக்கு இந்தச் சமநிலைதான் முதல் தகுதி, வேகமெல்லாம் அப்புறம் என்பது என் உறுதியான எண்ணம்.

காற்று மிகுந்துவிட்டால்?

பெரிய பாயை முழுவதும் இறக்கிவிட்டு, ஜிப்பும் மிசனும் மட்டும் வைத்து ஓடலாம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இருப்பதால் சமநிலை கெடாது. ஸ்லூப்பில் அதே நிலைமையில் யாராவது மரத்தடிக்குப் போய், ஆடும் தளத்தில் நின்றுகொண்டு பாயைச் சுருக்கிக் கட்ட வேண்டும். யாலில் பெரிய பாயின் கயிற்றை அவிழ்த்து, பாயை இறக்கிக் கட்டினால் வேலை முடிந்தது. சுருக்கிக் கட்டிய பாயளவுக்குக் காற்றை எதிர்த்து ஏற முடியாதுதான். ஆனால் ஆடிக்காற்று மாதிரி ஒன்று திடீரென்று அறையும்போது எதிர்க்காற்றில் எவ்வளவு ஏறுகிறோம் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

நின்ற இடத்திலும் மிசன் பயன்படுமாமே?

தேவிபட்டினத்துப் பெரியவருக்கு இதைச் சொன்னதும் சட்டென்று பிடிபட்டது. நங்கூரம் போட்டு நிற்கும் படகு காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடும். மிசனை இறுக்கிக் கட்டி வைத்தால் பின்புறம் காற்றோடு போய், அணியம் என்ற முன்முனை காற்றைப் பார்த்தபடி அடங்கி நிற்கும். இங்கிலாந்துப் பக்கத்தில் ஹெர்ரிங் மீனுக்கு வலை விட்ட பழைய படகுகள் இதைத்தான் செய்தன. முன்மரத்தையே சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, மிசனை மட்டும் விரித்து, வலையோடு இரவெல்லாம் மிதந்து கிடந்தன. இந்தக் குட்டிப் பாய்க்கு மீன்பிடித் தொழிலிலும் நல்ல வேர் உண்டு.

படகைக் கட்டிய இடத்திலிருந்து இன்ஜின் இல்லாமல் கிளம்பவும் இது உதவும். மிசனைக் கையால் ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தால் காற்று அதன் மறுபுறம் பட்டுப் பின்புறத்தைத் தள்ளும். மூக்கு நமக்கு வேண்டிய பக்கம் திரும்பும்.

கன்கார்டியாவை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

அதன் கதைக்காகவும் வடிவத்துக்காகவும். 1938 செப்டம்பரில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையைத் தாக்கிய பெரும்புயலில் ஹவ்லண்ட் குடும்பத்தின் பழைய படகு நொறுங்கிப்போனது. அதற்குப் பதிலாக அவர்கள் பகுதிக் கடலுக்கு ஏற்ற ஒரு படகாக இது வரையப்பட்டது. அங்கே பிற்பகலில் பலமான தென்மேற்குக் காற்றும், குட்டையான செங்குத்து அலையும் வழக்கம். வரைந்தவர் ரே ஹண்ட், கூட இருந்து யோசித்தவர் வால்டோ ஹவ்லண்ட். 1966 வரை 103 படகுகள் கட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஜெர்மனியில் அபேகிங் அண்ட் ராஸ்முசன் என்ற படகு கட்டும் தளத்தில் உருவானவை. பக்கவாட்டில் பொன் பூசிய ஒரு கோடு ஓடும், அதன் முனைகளில் பிறையும் நட்சத்திரமும் செதுக்கியிருக்கும். எங்கள் மாடலில் முதலில் முடிந்த வேலை அதுதான்!

மொத்த நீளம் 12.14 மீட்டர். தண்ணீரைத் தொடும் நீளம் 8.7 மீட்டர் மட்டுமே. அகலம் 3.12 மீட்டர், தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் சுமார் 1.7 மீட்டர். எடை எட்டு டன்னுக்குக் கொஞ்சம் அதிகம்.

மொத்த நீளத்துக்கும் தண்ணீர்மட்ட நீளத்துக்கும் மூன்றரை மீட்டர் வித்தியாசமா? அது வீண் இல்லையா?

இல்லை. முன்னும் பின்னும் படகு தண்ணீருக்கு மேலே நீண்டு நிற்கிறது. படகு காற்றில் சாயும்போது அந்த நீட்டல்கள் தண்ணீருக்குள் இறங்கும். அப்போது படகு நீளமாகிவிடும்.

இது ஏன் முக்கியம் என்றால், இந்த மாதிரி கனமான படகின் வேகம் தண்ணீர்மட்ட நீளத்தைப் பொறுத்தது. ஓடும்போது தானே ஓர் அலையை எழுப்பி, அதன் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். கணக்கு எளிது. தண்ணீர்மட்ட நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். கன்கார்டியாவுக்கு 28.5 அடி. விடை 7.15 நாட், அதாவது மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். சைக்கிள் வேகம்தான். ஆனால் இரவு பகலாக அதே வேகத்தில் போனால் ஒரு நாளில் 300 கிலோமீட்டர் கடந்துவிடலாம். சாய்ந்து ஓடும்போது நீளம் கூடுவதால் இந்த வரம்பும் சற்று உயரும்.

அணியத்தின் நீட்டலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அலைக்குள் மூக்கு குத்தும்போது, மேலே போகப் போக அகலும் அந்தப் பகுதி படகைத் தூக்கிவிடும்.

அடிப்பகுதி எப்படி இருக்கும்?

ஏரா என்கிற அடிக்கட்டை படகின் நடுப்பகுதி முழுவதும் நீளமாக ஓடும். சுக்கான் அதன் பின்விளிம்பிலேயே கீல் போட்டு நிற்கும். கீழே எடை வார்த்திருப்பார்கள். உடல் ஒயின் கோப்பையைப்போல மெதுவாக வளைந்து ஏராவோடு சேரும், எங்கும் திடீர் முனை கிடையாது. இதனால் முதல் கொஞ்சம் காற்றுக்கே படகு எளிதாகச் சாய்ந்துவிடும். புதிதாக ஏறுகிறவர் பயப்படுவார். ஒரு அளவு சாய்ந்ததும் கீழே உள்ள எடை பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் சாய்க்க அதிகக் காற்று வேண்டும். நீண்ட ஏரா நேர்வழி பிடித்துப் போகும். ஆனால் குறுகிய துறைமுகத்தில், அதுவும் இன்ஜினில் பின்னோக்கிப் போகும்போது, சொன்ன பேச்சு கேட்காது.

யால் படகுகள் பந்தயத்தில் ஜெயித்திருக்கின்றனவா?

நிறைய. 1930-ல் இறங்கிய 'டொரேட்' 52 அடி யால். வரைந்த ஒலின் ஸ்டீபன்ஸுக்கு அப்போது 22 வயது நிறைந்திருக்குமோ இல்லையோ, அவ்வளவு இளைஞர். 1931-ல் அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயத்திலும் இங்கிலாந்திலிருந்து கிளம்பும் ஃபாஸ்ட்னெட் பந்தயத்திலும் வென்றது. 2013-ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் போகும் டிரான்ஸ்பேக் பந்தயத்தில் மறுபடி வென்றது. நன்றாக வரைந்து, நன்றாகப் பராமரித்த மரப் படகுக்கு வயது ஒரு தடையே இல்லை.

டொரேடின் அகலத்தைக் கவனியுங்கள்: 10 அடி 3 அங்குலம். பன்னிரண்டு அடி குட்டையான கன்கார்டியாவுக்கும் அதே அகலம்தான். டொரேட் அவ்வளவு ஒடுக்கம், பின்காற்றில் தொட்டில்போல உருளும். பிறகு வரைந்த 'ஸ்டார்மி வெதர்' படகில் ஸ்டீபன்ஸ் அகலத்தைப் பன்னிரண்டரை அடியாகக் கூட்டினார். அதுவும் 1935-ல் அட்லாண்டிக், ஃபாஸ்ட்னெட் இரண்டையும் வென்றது. கன்கார்டியா வகையில் 'மலாய்' 1954-ல், அமெரிக்காவிலிருந்து பெர்முடா தீவுக்குப் போகும் பெர்முடா பந்தயத்தில் முதலிடம். அடுத்த மூன்று பெர்முடா பந்தயங்களையும், 1956, 58, 60, தொடர்ந்து அள்ளியது 'ஃபினிஸ்டெர்' என்ற 38 அடி யால்.

பந்தய விதி சாதகமாக இருந்ததால்தான் யால் பிரபலமானது என்கிறார்களே?

அதில் உண்மை இருக்கிறது. படகின் அளவையும் பாயையும் எண்ணி நேரச் சலுகை தரும் அன்றைய அமெரிக்க விதி, மிசன் பாயைக் கறாராக எண்ணவில்லை. பக்கக்காற்றில் மிசன் மரத்துக்கும் பெரிய மரத்துக்கும் இடையில் மெல்லிய கூடுதல் பாய் ஒன்றைக் கட்டுவார்கள். அதுவும் விதியின் கணக்கில் கிட்டத்தட்ட இலவசம். 1970 வாக்கில் விதி மாறியதும் புதிய பந்தயப் படகுகளில் மிசன் காணாமல் போனது. ஆனால் விதியால் மட்டும் வந்தது என்று முடித்துவிட முடியாது. தனி ஆளாக முதன்முதலில் உலகைச் சுற்றிய ஜோசுவா ஸ்லோக்கம் (1895–98), எந்தப் பந்தயமும் இல்லாமலே, தென் அமெரிக்கப் பக்கம் போனபோது தன் 'ஸ்ப்ரே'யில் பின்னால் ஒரு குட்டி மிசனைச் சேர்த்தார். பந்தயம் போன பிறகும் ஹிங்க்லி நிறுவனத்தின் 'பெர்முடா 40' என்ற ஃபைபர் யால் 1959-லிருந்து 1991 வரை விற்றுக்கொண்டே இருந்தது.

குறையே இல்லையா?

உண்டு. காற்றை எதிர்த்து ஏறும்போது பெரிய பாய் கலக்கிவிட்ட காற்றுதான் மிசனுக்குக் கிடைக்கும், அதனால் உதவி குறைவு, மரத்தின் தடை மட்டும் மிச்சம். பின்காற்று பலமாக இருக்கும்போது மிசன் பின்புறத்தைத் தள்ளிப் படகைக் குறுக்கே திருப்பப் பார்க்கும், முதலில் அதை இறக்கிவிட வேண்டும். இரண்டாவது மரம், கயிறு, கம்பி எல்லாமே கூடுதல் செலவு. பாய்க் கயிற்றைக் கட்டப் படகுக்குப் பின்னால் ஒரு கழி நீட்ட வேண்டும். சுக்கான் பிடியும் மிசன் மரமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். இன்று பாயைச் சுருட்டும் கருவிகளும், தானே ஓட்டும் கருவிகளும் வந்துவிட்டதால் புதிதாக யால் கட்டுகிறவர்கள் குறைவு.

நம் ஊர் வெயிலில் படகின் கீழறைக்குள் படுக்க முடியுமா?

டொரேடின் இன்னொரு கொடை இதற்குத்தான். காற்றை வாங்கும் வளைந்த குழாயை நேராக அறைக்குள் விடாமல், தளத்தின் மேல் ஒரு பெட்டியில் விடுவார்கள். அறைக்குப் போகும் குழாய் அதே பெட்டியில் சற்றுத் தள்ளி, உயரமாக நிற்கும். அலை அடித்தால் தண்ணீர் பெட்டியின் அடியில் விழுந்து ஓட்டை வழியே தளத்துக்கு ஓடிவிடும். காற்று மட்டும் கீழே இறங்கும். இன்றும் உலகம் முழுவதும் அதற்கு டொரேட் பெட்டி என்றே பெயர். சித்திரை மாதத்தில் அது மட்டும் போதாது, நங்கூரமிட்ட இடத்தில் மேலே துணிப்பந்தல் போட வேண்டும். மிசன் படகை அடக்கி வைத்திருந்தால் காற்று எப்போதும் முன்வாசல் வழியாகவே வரும். இதுவும் ஒரு வசதி.

பாக் நீரிணைக்கு யால் பொருந்துமா?

மதுரையிலிருந்து தொண்டியோ தேவிபட்டினமோ இரண்டு மூன்று மணி நேரம், அதனால் இந்தக் கேள்வி நியாயமானது. பாய் விஷயத்தில் நன்றாகவே பொருந்தும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்திலும் வாடைக் காலத்திலும் குட்டையான, நெருக்கமான அலை எழும். கன்கார்டியாவுக்கு மனதில் வைத்து வரைந்த கடலும் ஏறக்குறைய அப்படித்தான். சிக்கல் ஆழத்தில். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான், கரையோரத்தில் வெகுதூரத்துக்கு முழங்கால், இடுப்பு என்றுதான் தண்ணீர். 1.7 மீட்டர் இறங்கும் படகு ஊர்த்துறை எதையும் நெருங்க முடியாது. என் தேர்வு ஃபினிஸ்டெர் மாதிரி, 1.2 மீட்டர் மட்டும் இறங்கும் அகலமான உடலும், வேண்டும்போது கீழே இறக்கும் நடுப்பலகையும். மன்னார் வளைகுடாப் பக்கம் போக வேண்டுமானால் பாம்பன் கால்வாய். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே உயர்ந்து வழிவிடும். எதுவானாலும் கடலில் இறக்கும் முன் உள்ளூர் கடலோரக் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லைக்கோடு பக்கத்தில் இருக்கிறது.

முழு அளவில் கட்ட நம் ஊர் மரம் ஆகுமா?

ஜெர்மனியில் கட்டிய கன்கார்டியாக்களுக்கு ஓக் விலாச்சட்டம், மகாகனிப் பலகை. இங்கே விலாச்சட்டத்துக்கு நாட்டுக் கருவேலம் நம் வள்ளக்காரர்கள் காலங்காலமாக நம்பும் மரம், இயற்கையாகவே வளைந்த கிளை கிடைக்கும். தளத்துக்கும் மேல்வேலைக்கும் தேக்கு. செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பழைய பர்மா தேக்கு காரைக்குடியில் கிடைக்கும். ஆணித் துளைகளைப் பார்த்து வாங்குங்கள்.

மாடல் செய்ய ஆசை. வரைபடத்தை அப்படியே பத்தில் ஒன்றாகக் குறைத்தால் போதுமா?

உடல் அப்படியே குறையும். நீளம் 1.21 மீட்டர், எடை சுமார் எட்டேகால் கிலோ. ஆனால் நிமிர்ந்து நிற்கும் பலம் சாய்க்கும் பலத்தைவிட அதிகமாகக் குறைந்துவிடும். அளவைப் பத்தில் ஒன்றாக்கினால், அதே காற்றில் பாய் சாய்க்கும் பலம் ஆயிரத்தில் ஒன்றாகிறது, எடை நிமிர்த்தும் பலமோ பத்தாயிரத்தில் ஒன்றாகிறது. பெரிய படகைவிட மாடல் பத்து மடங்கு எளிதாகச் சாயும். அதனால் ஏராவுக்குக் கீழே கழற்றி மாட்டும் ஒரு துடுப்புப் பலகையும், அதன் அடியில் ஈயக் குண்டும் சேர்க்கிறோம். ஈயம் டயர் கடைகளில் கழித்த பேலன்சிங் எடைகளிலிருந்து கிடைக்கும். உருக்குவதைத் திறந்தவெளியில், முகமூடியோடு, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள்.

உடலுக்கு மலைவேம்புக் கீற்று, மேலே கண்ணாடி இழைத் துணியும் எபாக்சியும். பாயைத் தைப்பதுதான் நுட்பமான வேலை. முன்பு புது மண்டபத்தில் இருந்த தையல்காரர்களிடம் கொடுத்துத் தைத்தோம். அவர்கள் கை நேர்கோட்டில் அவ்வளவு சுத்தம். ஆனால் பாயின் துண்டுகளை நேர்கோட்டில் சேர்த்தால் தட்டையாக நிற்கும், காற்றைப் பிடிக்காது. ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வில்லாக வெட்டி அப்புறம் தைக்கச் சொல்லுங்கள். வயிறு தானாக வரும்.

எந்த மாதத்தில் ஓட்டலாம்?

ஆடியில் காற்று இருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்காது. கார்த்திகைக்குப் பிறகு தண்ணீர் இருக்கும், காற்று மெல்லியது. அதுவே மாடலுக்குச் சரி. பத்தில் ஒரு பங்கு மாடலுக்கு மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று என்பது பெரிய படகுக்கு 50 கிலோமீட்டர் காற்று மாதிரி. அதனால் இலை மட்டும் அசையும் நாளில் மூன்று பாயும் கட்டுங்கள். சின்னக் கிளை ஆடத் தொடங்கினால் பெரிய பாயை இறக்கிவிட்டு ஜிப்பும் மிசனுமாக விடுங்கள். காற்றுப் பக்கக் கரையில் கருவேல மரம் அடர்ந்திருந்தால் அங்கிருந்து வரும் காற்று குழம்பியிருக்கும். மரம் இல்லாத கரை காற்றுப் பக்கம் வருகிற மாதிரி, மடை ஓரத்தையும் தாமரைக் கொடியையும் தவிர்த்து இடம் பாருங்கள்.